அக்கா கருக்கிய பிரவுனிகள்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிற இந்த நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். "நல்லதா நாலு வரி எழுதும்மா, அழுவாச்சி வேணாம்" என்றார் அக்கா வீட்டுக்கார மாமா. அக்காவைப் பற்றி நல்லதாக எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். இடையில் நானும் வருவதால்தான் எழுத வரவில்லை.

அரூர் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார் அக்கா. பத்தாம் வகுப்போடு நின்று, அப்பாவோடு மரவள்ளிக் காட்டுக்குப் போனார். அதனால் நான் கல்லூரி வரைக்கும் போனேன். அதியமான்கோட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர், என்னையும் விடவில்லை. அதே ஊரில் இரண்டு தெரு தள்ளி மாப்பிள்ளை பார்த்துக் கொண்டுவந்துவிட்டார். மாமாவுக்கு நெடுஞ்சாலை ஓரம் பஞ்சர் கடை. லாரி டயர் கழற்றும்போது இடுப்பில் அடிபட்டவர், அதன்பின் கடை திறக்கவில்லை.

அந்த வீட்டைத் தாங்கியது பிரவுனி. மகள் பிறந்தநாளுக்கு இந்தச் சாக்லேட் கேக்கைக் கேட்டாள் என்று, செல்போனில் பார்த்து, குக்கரில் கேஸ்கட்டையும் விசிலையும் எடுத்துவிட்டு, அடியில் கல்லுப்பைப் பரப்பிச் செய்தார் அக்கா. முதல் முறை வந்தது செங்கல். அசரவில்லை. மூன்றாம் முறை மைதாவில் பாதியைக் குறைத்துக் கேழ்வரகு மாவைக் கலந்தார். பள்ளியில் அதைத் தின்ற பிள்ளைகளின் அம்மாக்கள் கேட்டு வர ஆரம்பித்தார்கள். பிறகு சின்னதாக ஒரு ஓவன் வந்தது. போனில் ஆர்டர் எடுப்பதும் பெட்டியில் அடுக்குவதும் என் வேலை.

ஓவனில் இருக்கும் மணியை அக்கா நம்பமாட்டார். தட்டை உள்ளே வைத்துவிட்டு முன்கூடத்தில் உட்கார்ந்து துணி மடிப்பார். "வாசம் இங்க வரைக்கும் வரணும்டி. வந்து ஒரு நிமிசம் நிக்கணும். அப்ப எடுத்தாத்தான் நடுவுல ஈரம் இருக்கும்" என்பார். ஒருநாளும் தப்பியதில்லை.

கடைசி வருடத்தில் தட்டுகள் கருக ஆரம்பித்தன. முதல் தட்டுக்குச் சிரித்தேன். அடுத்த வாரமும் கருகியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கதவைத் தட்டுகிறார்கள், அக்கா கூடத்தில் நிம்மதியாகத் துணி மடித்துக்கொண்டிருக்கிறார்.

"மூக்க எங்கக்கா வெச்சிட்டு வந்த?" என்றேன்.

"கழட்டி அலமாரியில வெச்சிருக்கேன்டி" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

அதன்பிறகு ஓவன் கண்ணாடிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். இப்போதாவது பொறுப்பு வந்ததே என்று நினைத்தேன். அப்படி நினைத்தவள் நான்தான்.

பொம்மிடியில் ஒரு டீச்சர் மாதாமாதம் வாங்குவார். பஸ்ஸில் கொடுத்தனுப்புவோம். ஒருமுறை ஓரமெல்லாம் கருத்திருந்த தட்டை, கத்தியால் சீவிப் பெட்டியில் அடுக்கி அனுப்பிவிட்டேன். அன்று சாயங்காலம் டீச்சரிடமிருந்து செய்தி வந்தது: "இந்தத் தடவை பிரவுனி வேற மாதிரி இருக்குங்க. அக்காவுக்கு உடம்புக்கு எதுவும் முடியலைங்களா?"

"மன்னிச்சுக்குங்க மேடம், வேற பெட்டி அனுப்பறோம்" என்று பதில் போட்டேன். மறுநாளே அனுப்பினேன். அக்காவிடம், "டீச்சர் கம்ப்ளெயின்ட் பண்றாங்க, பாத்துச் செய்யி" என்று மட்டும் சொன்னேன்.

"சரிடி" என்றார் அக்கா.

ஆறு மாதம் கழித்து அடுப்படியில் மயங்கி விழுந்தார். சேலத்துக்குக் கொண்டுபோனோம். மூளையின் முன்பக்கம் கட்டி, வாசனை நரம்பை அழுத்திக்கொண்டு வளர்ந்திருக்கிறது என்றார் மருத்துவர். "வாசனை தெரியாம போயி எவ்வளவு நாளாச்சு?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார்.

"எட்டு மாசம் ஆச்சுங்க" என்றார் அக்கா.

"ஏம்மா சொல்லல?" என்று மகள் அழுதாள்.

"வாசம் தெரியாதவ செஞ்சத யாரு கண்ணு வாங்குவாங்க?"

முன்னமே வந்திருந்தால் கட்டி சின்னதாக இருந்திருக்கும் என்றார் மருத்துவர். அறுவைக்குப் பிறகு அக்கா வீடு திரும்பவில்லை. கடைசி வாரத்தில் மகள் தானே செய்த பிரவுனியைக் கொண்டுவந்தாள். வெகுநேரம் மூக்கருகே பிடித்திருந்துவிட்டு, "நல்ல வாசம் கண்ணு, சரியான நேரத்துல எடுத்திருக்கற" என்றார் அக்கா. அது பொய் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

இரத்தம் கொடுத்த ஊர்ப் பிள்ளைகளுக்கும், அந்த நாட்களில் மாமாவுக்கு வேளை தவறாமல் சோறு கொடுத்த தெருக்காரர்களுக்கும், அக்காவைத் தோளில் சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கருகிய பிரவுனியை ஒரு வார்த்தை சொல்லாமல் தின்றவர்களுக்கும்.

இன்னும் ஒருவர் இருக்கிறார். பொம்மிடிக்கும் ஒரு மலர் அனுப்பியிருக்கிறோம். டீச்சர், நீங்கள் கேட்டது பெட்டியைப் பற்றி இல்லை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. அந்தச் செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. கூடப் பிறந்த நான் கேட்காததை நீங்கள் கேட்டீர்கள். அதற்கு நான் பதிலே சொல்லவில்லை.

ஆமாங்க டீச்சர், அக்காவுக்கு உடம்புக்கு முடியலைங்க.