குர்லா புகை திரும்பிய நேரம்

போன ஐப்பசியின் கடைசி வாரம். மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளிலிருந்து கூப்பிடு தூரத்தில் என் நண்பன் குடியிருக்கும் கட்டடத்தின் மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தேன். கிழக்கே இடி உறுமிக்கொண்டிருந்தது. "கொடியில துணி கெடக்குடா, நனையறதுக்குள்ள கொஞ்சம் எடுத்துண்டு வந்துடேன்" என்று நண்பனின் அம்மா அனுப்பியிருந்தாள். துணிகளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பும்போதுதான் அந்தப் புகை கண்ணில் பட்டது.

குர்லா பக்கத்து ஆலை ஒன்றின் புகைபோக்கி அந்த மாடியிலிருந்து நன்றாகத் தெரியும். மழைக்காலம் முடிந்தபின், சாயங்கால வேளையில் கடல்காற்று மேற்கிலிருந்து வீசும். புகை கிழக்கே சாய்ந்து போகும். அன்றும் தாராவிக் குயவர்களின் சூளைப் புகை கிழக்கேதான் போய்க்கொண்டிருந்தது. என் தோளில் கிடந்த வேஷ்டியும் கிழக்கேதான் படபடத்தது. ஆனால் குர்லா புகை மட்டும் திடீரென்று நிமிர்ந்து நின்றது. அப்புறம், குடுமியைப் பிடித்து யாரோ திருப்பியது மாதிரி, மேற்கே மடங்கிற்று. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், சற்றுப் பொறுத்துத் தாராவிப் புகையும் திரும்பியது. அடுத்த கணம் ஜில்லென்று ஒரு காற்று முகத்தில் அறைந்து வேஷ்டியைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. மழை? ஒரு சொட்டுக்கூட இல்லை.

மீதித் துணியோடு மாடிப்படியில் ஓட ஆரம்பித்தேன். அதே மாத ஆரம்பத்தில் நடந்ததைச் சொன்னால்தான் அந்த ஓட்டம் உங்களுக்குப் புரியும்.

என் நண்பன் ஒரு தனியார் விமானக் கம்பெனியில் ரேடியோ ஆபரேட்டர். யுத்தம் முடிந்து பட்டாளத்து டகோட்டா விமானங்கள் சிவில் கம்பெனிகளின் கைக்கு வந்த சமயம். நான் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. தேறிவிட்டுக் கோட்டை வட்டாரத்தில் ஓர் ஆபீஸில் குமாஸ்தா வேலை பார்க்கிறவன். உத்தியோகம் மேஜையில், மனசு ஆகாயத்தில். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு டியூட்டி இருந்தால் நானும் ரயிலேறிக் கடலோரத்து விமான நிலையத்துக்குப் போய்விடுவேன்.

அவன் அம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. விமானம் கிளம்பும் நேரம் ராகுகாலத்தில் விழுந்தால், நல்ல நேரத்திலேயே அவனுடைய பையைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் வைத்துவிடுவாள். பரஸ்தானம். பை புறப்பட்டாயிற்று என்றால் பிள்ளையும் புறப்பட்ட மாதிரிதான். ராகு என்ன செய்ய முடியும்? இந்தக் கதையெல்லாம் அவனுடைய விமானிக்கும் தெரியும். அவர் பார்ஸிக்காரர், கலகலவென்று பேசுகிறவர்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பை காலையிலேயே எங்கள் வீட்டுக்கு வந்து, அவனோடு விமான நிலையத்துக்கும் போய்விட்டது. மெட்ராஸுக்குப் போகும் விமானம், நாலரை மணி சுமாருக்குக் கிளம்ப வேண்டியது. எங்கள் மாட்டுங்காவிலிருந்தே ஒரு குடும்பம், கல்யாணத்துக்கென்று பட்டுப்புடவையும் பித்தளைக் கூஜாவுமாக ஏறியது. கிழக்கே மலைப்பக்கம் மேகம் கறுத்துத் திரண்டிருந்தது. மேற்கே கடலின் மேல் வானம் பளிச்சென்று இருந்தது.

விமானி மேகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் நண்பன் முதுகில் தட்டினார். "சலோ, சலோ! உன் ராகு ஸாஹேப் நாலரைக்குத்தானே டியூட்டிக்கு வர்றார்? மழையும் அவரும் சேர்ந்து வர்றதுக்குள்ளே நாம மேலே போயிடலாம்."

நண்பன் சிரித்துக்கொண்டே என்னிடம், "பார்த்தியா, பார்ஸியையே பஞ்சாங்கம் பார்க்க வெச்சுட்டேன்" என்றான்.

நான் வேலிக்கு வெளியே நின்றேன். காற்றின் திசையைக் காட்டும் துணிக்குழாய் கம்பத்தில் சோம்பலாகக் கிழக்கே நீட்டிக்கொண்டிருந்தது. மேற்குக் காற்று. விமானம் எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் ஓடி எழும்பும். எதிர்க்காற்றுதான் இறக்கைக்குக் கைகொடுக்கும். ஆகவே கடலைப் பார்த்து ஓட வேண்டும். இடிமேகமோ முதுகுக்குப் பின்னால். இதைவிடப் பத்திரமான ஏற்பாடு உண்டா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

விமானம் ஓட ஆரம்பித்தது. பாதிப் பாதை தாண்டியிருக்கும், துணிக்குழாய் தொங்கிப்போயிற்று. என் பிடரியில் சில்லென்று காற்று. புழுதி கிளம்பியது. குழாய் ஒரு சுற்றுச் சுற்றி மேற்கே விறைத்து நின்றது. விமானம் அப்போதுதான் தரையை விட்டிருந்தது. இரண்டு இன்ஜினும் முழு மூச்சில் அலறுகின்றன, மூக்கு மேலே பார்க்கிறது, ஆனால் விமானம் கீழே இறங்குகிறது. படகு தண்ணீரில் அமிழ்கிற மாதிரி, நிதானமாக. வேலிக்கு அப்பால் சதுப்பு நிலத்தில் போய் விழுந்தது. அதற்குப் பிறகுதான் மழை பெய்தது.

ஓடினோம். அங்கே கண்டதையெல்லாம் எழுத எனக்குத் தைரியம் இல்லை. விமானி பிழைக்கவில்லை. கல்யாணத்துக்குக் கிளம்பிய குடும்பத்தில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. சேற்றில் அந்தக் கூஜா மட்டும் சாயாமல் நின்றது, மழை அதன் மூடியில் டங் டங்கென்று விழுந்துகொண்டிருந்தது. என் நண்பன் பிய்ந்த பக்கவாட்டின் வழியே வெளியே வீசப்பட்டுக் கிடந்தான். உயிர் இருந்தது. வலது முழங்கால் நொறுங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் அவன் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். "மேற்குக் காத்துன்னு நான்தான்டா சொன்னேன்." கிளம்புமுன் விமானி காற்றைக் கேட்டிருக்கிறார். இவன் ரேடியோவில் விசாரித்து, மேற்குக் காற்று, மெல்லிய காற்று என்று சொல்லியிருக்கிறான். தான் சொன்னதை நம்பித்தான் அவர் கிளம்பினார், அத்தனை பேரையும் தானே கொன்றுவிட்டதாக அவன் தீர்ப்பு. வெளியிலே பேச்சு வேறு மாதிரி இருந்தது. விமானி அவசரப்பட்டார், மூக்கை அதிகம் தூக்கிவிட்டார் என்றார்கள். வீட்டுக்கு வந்தபின் நண்பன் பேச்சையே நிறுத்திவிட்டான். சோற்றுத் தட்டு வைத்த இடத்திலேயே இருக்கும். அவன் அறைக் கதவைத் தாழ்போட விடாமல் அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்திருப்பாள். அவன் தன்னையே ஏதாவது செய்துகொண்டுவிடுவானோ என்று அவளுக்குப் பயம்.

இப்போது புரிகிறதா, நான் மாடிப்படியில் ஏன் அப்படி ஓடினேன் என்று?

"குர்லா புகை திரும்பிடுத்துடா! தாராவி இன்னும் திரும்பலை, அது திரும்பிடுத்து!"

"வேஷ்டி எங்கேடா?" என்றாள் அம்மா.

"பறந்து போயிடுத்து மாமி."

"அது புது வேஷ்டிடா, பாவி!"

நண்பன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். நான் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். மேகத்துக்குள்ளிருந்து குளிர்ந்த காற்று பொத்தென்று கீழே விழுகிறது. தரையில் பட்டு, கொட்டிய தண்ணீர் பரவுகிற மாதிரி நாலா பக்கமும் ஓடுகிறது. மழைக்கு முன்னாலேயே ஓடுகிறது. குர்லாவைத் தொட்ட பிறகும் தாராவியில் பழைய காற்றுதான் வீசுகிறது. "நீ கேட்டுச் சொன்னப்போ அது மேற்குக் காத்துதான்டா. பொய் இல்லை. நீங்க ஓட ஆரம்பிச்சப்போ மேகத்துக் காத்து பின்னாலேயே ஓடி வந்துடுத்து. இறக்கைக்கு முன்னாலேருந்து கெடைச்ச காத்து சட்டுனு முதுகுப் பக்கம் போயிடுத்து."

அவன் திரும்பிப் படுத்தான். "அப்போ கேப்டன்?"

"இடிக்கு முதுகைக் காட்டிண்டு ஓடினார். யாரா இருந்தாலும் அப்படித்தான் ஓடியிருப்பா."

வாசற்படியிலிருந்து அம்மா கேட்டாள்: "அப்போ மேகமும் பரஸ்தானம் வெக்கறதுங்கறே. தான் வரதுக்கு முன்னாலே காத்தை அனுப்பிடறது."

அதுதான் விஷயம். நாலரைக்கு ராகு, முதல் சொட்டுக்கு மழை என்று ஆபத்துக்கு ஒரு நேரம் குறித்து, அதற்கு முன்னால் படி இறங்கிவிட்டால் தப்பித்தோம் என்று எல்லோருமே நம்பியிருந்தோம். ஆனால் மேகம் தன் பையை எப்போதோ வெளியே அனுப்பியிருந்தது. நண்பன் போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டான். விபத்துக்குப் பிறகு அவன் முதல் தடவையாக அழுதான். அம்மா எழுந்து வந்து போர்வைக்கு மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

வானிலை பார்க்கும் ஓர் அதிகாரியிடம் போனேன். விரட்டிவிடுவார் என்று பயந்துதான் போனேன். பொறுமையாகக் கேட்டார். "இப்படி நடக்கும்னு எங்களுக்கும் தெரியும். ஆனா எப்ப வந்து சேரும்னு சொல்ல ஆள் இல்லை. ஒரு நாள் புகையை வெச்சு நான் எந்த விமானத்தை நிறுத்தறது? ஒரு ஸீஸன் பார்த்துட்டு வாங்க" என்றார். கோபம் வந்தது. ரயிலில் திரும்பும்போது, அவர் சொன்னது நியாயம் என்றும் பட்டது.

இதோ அடுத்த ஐப்பசி வரப்போகிறது. இடிமேகங்கள் கிழக்கேயிருந்துதான் வரும். செம்பூரில் டெலிபோன் உள்ள என் சித்தப்பா வீட்டு மாடியில், காற்றின் திசை காட்டும் கொடிக்கு ஒரு கம்பம் நட்டாயிற்று. ஸயானில், அதேபோல் டெலிபோன் உள்ள ஓர் இரானி டீக்கடை மாடியில் இன்னொன்று. அந்த இரானிக்கு இது ஏதோ பட்டம் விடுகிற போட்டி என்று எண்ணம். மூன்றாவது, நண்பன் வீட்டு மாடியில். செம்பூரில் கொடி திரும்பினால் விமான நிலையத்துக்குக் கால் மணி அவகாசமாவது கிடைக்கும் என்பது என் ஊகம். ஊகம்தான். நாங்கள் டெலிபோன் செய்தால் விமான நிலையத்தில் காற்று எப்போது திரும்புகிறது என்று பார்த்து வைப்பதாக அதிகாரி ஒப்புக்கொண்டிருக்கிறார். விமானத்தை நிறுத்துவதாகச் சொல்லவில்லை.

நண்பனுக்கு இனி விமானம் இல்லை. கால் மடங்காது. ஆனால் மாட்டுங்கா கொடிக்குக் கீழே தான்தான் உட்காருவேன் என்று அடம்பிடிக்கிறான். "தூக்கிண்டு போய் உக்கார வைடா. குர்லா புகைக்குத் துள்ளினியே, இப்போ என்னைச் சும" என்கிறான்.

அம்மா தன் பழைய அரக்குப் புடவையைக் கிழித்து மூன்று கொடி தைத்தாள். தைக்கும்போது ஒரு தரம் ஊசியை நிறுத்தி, "இது அன்னிக்கு இருந்திருந்தா?" என்று கேட்டாள். நண்பன் அடுத்த துண்டை எடுத்து அவளிடம் நீட்டினான். மேகம் ராகுகாலத்தில் வந்து தொலைத்தால் என்ன செய்வது என்று, நேற்றே நல்ல நேரம் பார்த்து, மடித்த கொடிகளை எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

அலமாரி மேல் அவை இருக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம், கிழக்கே ஒரு மேகம் திரளட்டும் என்று ஏங்குகிறேன். அது திரளும்போது எந்த விமானமும் ஓடுபாதையில் நிற்கக் கூடாதே என்றும் அதே மூச்சில் பயப்படுகிறேன்.