கொழுக்கட்டை படிக்கப் போய்

பூரிக்கட்டையை எடுத்துக்கொண்டு மல்யுத்தம் கற்கப் போனவள் இந்த ஆக்லாந்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இதை நானே எழுதிவிடுவது நல்லது. இல்லையென்றால் எங்கள் வாட்ஸப் குழுவில் இருப்பவர்கள் இதற்குக் கண், காது, மூக்கு வைத்து எழுதிவிடுவார்கள். பாதி வைத்தாகிவிட்டது.

நான் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே ஒரு சீனத் தோழி மதிய உணவுக்கு அவ்வப்போது ஒரு பலகாரம் கொண்டுவருவாள். மாவை வட்டமாகத் தேய்த்து, உள்ளே பூரணம் வைத்து, ஓரத்தை மடித்து மடித்து வேகவைத்தது. பார்த்தால் நம் ஊர்க் கொழுக்கட்டைக்குச் சீமந்தம் செய்து வளையல் போட்டதுபோல இருக்கும். பெயர் என்ன என்று கேட்டேன். 'ஜியாவ்ஸு' என்றாள். அதில் முதல் பாதி மட்டும் என் மனதில் தங்கியது.

ஒருநாள் பக்குரங்கா பிளாசாவுக்குப் போனபோது அங்கிருந்த அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் கண்ணில் பட்டது. மேலே சீன எழுத்து. கீழே ஆங்கிலத்தில் 'ஷுவாய் ஜியாவ்'. சனிக்கிழமை காலை பத்து மணி. புதியவர்கள் வரலாம். பழைய உடுப்பு அணிந்து வரவும். மேலுடையும் இடுப்புக் கயிறும் நாங்களே தருவோம். மாவு ஒட்டும், அதனால் பழைய உடுப்பு; மேலுடை என்றால் ஏப்ரன். எவ்வளவு பொறுப்பான ஜனங்கள் என்று நான் உருகிப்போனேன். அன்று மாலையே வாட்ஸப்பில், அடுத்த வாரம் எல்லோருக்கும் சீனக் கொழுக்கட்டை என்று அறிவித்துவிட்டேன். "சைவமா?" என்று யாரோ கேட்டார்கள். சைவம்தான் என்று உறுதியும் கொடுத்தேன்.

என் வீடு ஹென்டர்சனில். அங்கிருந்து பக்குரங்காவுக்கு மோட்டார்வேயில் ஒரு மணி நேரம். பூரிக்கட்டை, டிபன் பாக்ஸ், வழித்துக் கட்டிய கொண்டை ஆகியவற்றோடு போய்ச் சேர்ந்தேன். ஹாலில் அடுப்பும் இல்லை, மேசையும் இல்லை. தடித்த கித்தான் சட்டை போட்ட ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவர்களுக்கு நடுவிலிருந்து என் தோளுயரம்கூட இல்லாத ஒரு சீனப் பெண் வந்தார். அவர்தான் ஆசிரியை, மற்ற நாட்களில் பஸ் ஓட்டுகிறார் என்பது பிறகு தெரிந்தது. என் கையிலிருந்த பூரிக்கட்டையை வாங்கி, எடை பார்த்து, "நோ வெப்பன்" என்று சொல்லி ஜன்னலோரம் வைத்தார்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. இந்த நாட்டில் எதைத் தொடங்கினாலும் முதலில் கைகாலை நீட்டி மடக்கச் சொல்வார்கள், அதுபோல ஏதோ ஒன்று என்று நினைத்தேன். சட்டையை மாட்டிவிட்டார்கள். கயிற்றைக் கட்டினார்கள். ஆசிரியை ஒரு கையால் என் சட்டைக் கையையும் மறு கையால் இடுப்புக் கயிற்றையும் பிடித்தார். நான் மரியாதைக்குச் சிரித்தேன். அடுத்ததாக நான் பார்த்தது கூரையில் இருந்த டியூப்லைட்டை.

"அகெய்ன்" என்றார் அவர்.

பிள்ளையார் பிடிக்கப் போய் குரங்காக முடிந்தது என்பார்கள். நான் பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை பிடிக்கப் போய் நானே கொழுக்கட்டையாக உருட்டப்பட்டேன். வேறு யாராவது என்றால் அன்றோடு தலைமுழுகியிருப்பார்கள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். என் தோளுக்கு வராத ஓர் ஆள் என்னைத் தூக்கிப் போடுவதா? ஒரே ஒருமுறை அவரைக் கவிழ்த்துவிட்டு நின்றுவிடுவோம் என்று மறு சனிக்கிழமையும் போனேன். அந்த ரோஷத்தில் மூன்று வருடம் ஓடிவிட்டது. ஒருமுறை கவிழ்த்தும்விட்டேன். அப்போது அவர் தும்மிக்கொண்டிருந்தார்.

ஷுவாய் ஜியாவ் என்பது சீனர்களின் பழைய மல்யுத்தம். விதி மிக எளிது. பாதத்தைத் தவிர உடம்பின் எந்தப் பகுதி தரையைத் தொட்டாலும் தோல்வி. தரையில் கிடந்து புரளும் வேலை கிடையாது. விழு, எழுந்திரு, மறுபடி பிடி. வாட்ஸப் குழுவுக்கு இது எதுவும் தெரியாது. வாக்குக் கொடுத்த பாவத்துக்காகக் கடையில் விற்கும் உறைந்த பாக்கெட்டை வாங்கி அவித்து, நான் செய்தது என்று கொடுத்துவந்தேன். ஒரு தீபாவளி விருந்தில், "கொழுக்கட்டை செஞ்சா கண்ணு எப்படிங்க வீங்கும்?" என்று ஒருத்தி கேட்டபோதுதான் குட்டு உடைந்தது.

அதன்பிறகு ஒருநாள் ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, உன் ஆட்களுக்கு நீ சொல்லிக்கொடு என்றார். தூக்கிப் போடுவது பிறகு, முதலில் விழக் கற்றுக்கொடு என்றும் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஹென்டர்சனில் ஒரு சின்ன ஹாலை ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பிடித்து, 'பெண்களுக்கான சீனக் குஸ்தி' என்று குழுவில் போட்டேன். நான்கு பேர் வந்தார்கள். மூன்று பேர் கொழுக்கட்டையும் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் வந்தவர்கள்.

நான்காவது ஆள் ரானுயியிலிருந்து வந்த அக்கா. ஐம்பத்தெட்டு வயது, யாழ்ப்பாணத்துக்காரர், ஹென்டர்சனில் உள்ள ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தவர். போன குளிர்காலத்தில் ரானுயி ஸ்டேஷனுக்குப் போகும் சரிவில் ஈர இலையில் வழுக்கி விழுந்து, கையை ஊன்றி, மணிக்கட்டை முறித்துக்கொண்டார். எலும்பு கூடிவிட்டது. பயம் மட்டும் கூடிக்கொண்டே போனது. பக்கத்து டெய்ரிக்குப் பால் வாங்கப் போவதானாலும் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டுதான் போவார். வேலைக்குப் போவது நின்றேபோனது.

முதல் நாளே என்னிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

"பிள்ளை, எனக்குக் குஸ்தி ஒண்டும் வேண்டாம். பயமில்லாமல் விழப் பழக்கிவிடும். நான் திரும்பத் தனியா ட்ரெயின்ல வேலைக்குப் போகவேணும். அவ்வளவுதான்."

"இவ்வளவுதானே அக்கா? விழுறதுல நான் டாக்டரேட்" என்றேன். வாய்க்கொழுப்பு.

ஆறு வாரம் ஆயிற்று. அக்கா விழவில்லை. உட்காரச் சொன்னால் உட்கார்ந்தார், படுக்கச் சொன்னால் படுத்தார். தாடையை நெஞ்சோடு ஒட்டு, பக்கவாட்டில் உருள், கையை மட்டும் ஊன்றாதே என்ற பாடமெல்லாம் என்னைவிட நன்றாக ஒப்பித்தார். ஆனால் நின்ற நிலையிலிருந்து லேசாகச் சாய்த்தாலே போதும், கையில் அகப்பட்டதைப் பிடித்துக்கொள்வார். என்னை, சுவரை, கொழுக்கட்டைக்கு வந்தவர்களை. ஹாலில் ஒரு பழைய பியானோ வேறு இருந்தது. அதைப் பிடித்தாரென்றால் மூன்று பேர் சேர்ந்துதான் பிரிக்க வேண்டும். காரில் கூட்டிவரும் கணவர் வாசலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, அக்கா மூச்சு விட்டாலும் "கவனம்! கவனம்!" என்பார். அண்ணா, நீங்க கார்லயே இருங்க என்று அனுப்பினேன். காரை ஜன்னலுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கி, அங்கிருந்து "கவனம்!" என்றார். குட்டிக்கரணம் அடித்துப் பார்த்தேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே அடித்துக் காட்டினேன். மற்ற மூவரும் கைதட்டினார்கள். அக்கா பியானோவைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பெண் கேட்டது ஒரே ஒரு விஷயம். அதைக்கூடக் கொடுக்க முடியாத நான் என்ன ஆசிரியை என்று ஒவ்வொரு ஞாயிறும் மனம் குமைந்தது. ஏழாவது வாரம் பொறுமை போய்விட்டது. வந்தது வரட்டும் என்று அவரை ஹாலின் நடுவில், பியானோவுக்கு எட்டாத தூரத்தில் நிறுத்தி, சட்டைக் கையையும் கயிற்றையும் வெடுக்கென்று பிடித்தேன். அக்காவின் முகம் வெளிறிவிட்டது.

"பிள்ளை, ஆறுதலா... ஆறுதலா..." என்றார்.

என் நெஞ்சு உடைந்துபோனது. எங்கள் பக்கத்தில் ஆறுதல் என்ற சொல் துக்க வீட்டில் புழங்குவது. பாவம், வயதில் மூத்த பெண், வாய்விட்டு ஆறுதல் கேட்கும்படி செய்துவிட்டேனே! கண்ணில் நீர் கட்டிவிட்டது. பிடியை விட்டேன். இரண்டு கையாலும் அவரை, அவருடைய கைகளோடு சேர்த்து, இறுகக் கட்டிக்கொண்டேன்.

"ஒண்ணும் ஆகாதுக்கா. நான் இருக்கேன்ல. எல்லாம் சரியாயிடும்" என்று முதுகைத் தட்டினேன்.

"என்ன செய்யுறீர்? விடும்!"

விம்முகிறார் என்று நினைத்து இன்னும் இறுக்கினேன். அக்கா திமிறினார். இடுப்பை ஒரு வெட்டு வெட்டித் திரும்பினார். அவர் கால் என் காலுக்குப் பின்னால் எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து தொப்பென்று மெத்தையில் விழுந்தோம்.

அக்கா பக்கவாட்டில் கிடந்தார். தாடை நெஞ்சோடு ஒட்டியிருந்தது. கையை ஊன்றவில்லை. எப்படி ஊன்றுவார்? இரண்டு கையும் என் அணைப்புக்குள் அல்லவா இருந்தன. கார்க் கதவைக்கூடச் சாத்தாமல் கணவர் ஓடிவந்தார். அக்கா டியூப்லைட்டைப் பார்த்தபடி, "இஞ்சாருங்கோ, நான் விழுந்திட்டன்" என்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அக்கா, இன்னும் ஆறுதல் வேணுமா?" என்றேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"எங்கட ஊரில ஆறுதலா எண்டா மெல்ல எண்டு அர்த்தம், பிள்ளை! மெல்லப் பிடியும் எண்டு கேட்டா, செத்த வீட்டுக்கு வந்த மாதிரிக் கட்டிப்பிடிக்கிறீர்!"

நானே வேண்டுமென்றுதான் விழுந்தேன், அது ஒரு பயிற்சி முறை என்று மற்றவர்களிடம் சொன்னேன். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்ற ரகம்தான். மீசை இல்லாதது எனக்கு வசதி. யாரும் நம்பவில்லை. ஆனால் அன்றைக்கு மட்டும் அக்கா பதினொரு முறை விழுந்தார். முதல் மூன்று முறை நான் கட்டிப்பிடித்தபடி, பிறகு சட்டையை மட்டும் பிடித்தபடி, கடைசியில் தானாகவே. பக்குரங்கா ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். "நாட் ட்ரெடிஷனல்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பட் குட்" என்றார்.

அடுத்த ஞாயிறு நல்ல மழை. பத்து நிமிடமாகியும் அக்காவைக் காணோம், காரையும் காணோம். கணவருக்கு போன் செய்தேன்.

"அவ தனியத்தான் வெளிக்கிட்டவ. ட்ரெயினில வாறாவாம். என்னை வரவேண்டாம் எண்டிட்டா" என்றார். அவர் குரலே சரியில்லை.

பதினொரு முறை மெத்தையில் விழுந்த தைரியத்தில் மழையில் கிளம்பிவிட்டாரே. இன்னொரு எலும்பு போனால் அந்தப் பாவம் யார் தலையில்? கொழுக்கட்டைக் கோஷ்டியிடம் எரிந்து விழுந்தேன். குடையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போகலாம் என்று கிளம்பியபோது கதவு திறந்தது.

அக்கா நின்றார். கோட்டின் வலது பக்கம் தோளிலிருந்து முழங்கால்வரை ஒரே சேறு. தலையில் ஓர் இலை. நாங்கள் பதறி ஓடினோம். அவர் இரண்டு கையையும் தூக்கி, மணிக்கட்டுகளை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினார்.

"அதே ரானுயி ஸ்டேஷன், அதே சரிவு, விழுந்தனான் பிள்ளை! கை ஊண்டேல்ல! திரும்பிப் போனால் வீடு அஞ்சு நிமிசம். போகேல்ல. எழும்பி ட்ரெயின் ஏறி வந்தனான்."

"யாராவது தூக்கி விட்டாங்களாக்கா?"

"ரெண்டு பேர் ஓடி வந்தவை. ஆறுதலா எண்டு தமிழிலேயே சொல்லிப்போட்டன். நல்ல காலம், கட்டிப்பிடிக்கேல்ல."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. துண்டை எடுத்து அவர் தோளில் இருந்த சேற்றைத் துடைக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். அசல் ஷுவாய் ஜியாவ் பிடி.

"துடைக்காதேயும். வீட்டில அவர் பாக்கவேணும்."