வெயிலில் காய்ந்த தேயிலை

கனடாவில் மொன்றியல் நகரம், ஜான்-டலோன் சந்தை. மகளோடு ஒரு தேயிலைக் கடை முன்னால் நிற்கிறேன். வியாழக்கிழமை நான் இலங்கைக்கு, மலைநாட்டு ஹட்டனுக்குத் திரும்ப வேண்டும். அவளுக்கு இங்கேயே தங்குவதற்கான பேப்பர் இன்னும் கிடைக்கவில்லை, அதுவரை இந்த நாட்டை விட்டு வெளியே போக முடியாது. எனக்கு இன்னொரு தடவை விசா தருவார்களோ என்னவோ.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, தேயிலை பேக்டரியில் இலையைச் சூட்டில் காய வைக்கும் டிரையர் மெசின் ஓட்டியவன் நான். கை சும்மா இருக்குமா? தட்டில் மாதிரிக்கு வைத்திருக்கும் கறுப்புத் தேயிலையைக் கிள்ளி முகர்கிறேன். சூடு காட்டிய வாசமே இல்லை.

"இது சரியா காயலம்மா, பூசணம் புடிச்சிரும்," என்கிறேன் கடைக்காரப் பெண்ணிடம்.

யாழ்ப்பாணத்துப் பெண், சிரிக்கிறாள். "மெசினில காய வைச்சாத்தான் தேயிலையோ ஐயா? இது சீனாவில, யுன்னான் மலையில வெயிலில காய வைச்சது. தேயிலை பிறந்த இடமே அந்தப் பக்கம்தான். இப்ப குடிச்சா கொஞ்சம் புளிக்கும். வைக்க வைக்கத்தான் இனிக்கும்."

"எத்தனை நாளைக்கு வைக்கலாம்?"

"ரெண்டு மூண்டு வருசம் எண்டாலும் வைக்கலாம்."

ஒரு பாக்கெட் வாங்கி மகள் கையில் கொடுக்கிறேன். "பிரிக்காம வச்சிரும்மா. அடுத்த வாட்டி வந்து குடிக்கிறேன்."

அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்க்கிறாள்.

"ஒரு வருசம்தான் வைப்பேன் அப்பா," என்கிறாள்.