அம்மனிடம் இரவல் வாங்கிய ஸ்டேரிங்

போன ஆனியில் பெங்களூரிலிருந்து ஓர் இளைஞர் என் வீடு தேடி வந்தார். காப்பிக் கடை வைத்திருக்கிறாராம். கடை வாசலில் பழைய வண்டி ஒன்றை நிறுத்தி, அதன் பின்பக்கத் தொட்டியில் பூச்செடி வைத்தால் கூட்டம் வருமாம். எங்கள் வாசலில் வேப்ப மரத்தடியில் நின்ற பிக்கப்பைப் பற்றி யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வண்டியை மூன்று முறை சுற்றினார். எதையாவது கழற்றிவிடுவாரோ என்று நானும் கூடவே சுற்றினேன்.

"சக்கத்தா இருக்கு, அங்கிள்" என்றார், பெங்களூர் பாஷையில் பிரமாதம் என்று அர்த்தம். பிறகு கதவைத் திறந்தார். சாக்கும் கார்பைடும் பழைய பீடியும் கலந்த அந்த வாசனை வெளியே வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தவர், "ஸ்டேரிங் எங்க?" என்றார்.

"கோயில்ல இருக்கு."

 அவர் வண்டியின் பின்பக்கம் போனார். "இது எதுக்கு அங்கிள், இங்க ஒரு சைக்கிள் பெல்?"

இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். ஆனால் கையில் போன் அடித்துக்கொண்டே இருக்கும் ஒருவரிடம் அதைச் சொல்ல முடியாது. உங்களுக்கு நேரம் இருக்கும் என்று நினைக்கிறேன், உட்காருங்கள்.

நான் இங்கே தங்கச் சுரங்கத்தில், மைன் ஸ்டோரில் வேலை பார்த்தவன். நட்டு, போல்ட்டு, வாஷர், விளக்குக் கண்ணாடி என்று எண்ணி எண்ணியே ரிட்டையர் ஆனேன். சாம்பாரில் முருங்கைக்காய்த் துண்டு எத்தனை என்று பார்த்துவிட்டுத்தான் இன்றும் சாப்பிட ஆரம்பிப்பேன். என் மனைவி சுலோச்சனா அதற்காகவே சில நாள் ஒன்று குறைத்துப் போடுவாள்.

மைன் மூடியபோது சாமான்களை ஏலம் விட்டார்கள். அதில் இந்தப் பிக்கப்பை நானும் என் மனைவியின் தம்பி தயாளனும் கூட்டாக எடுத்தோம். வேலை போன தயாளன் கோலார் மண்டியிலிருந்து தக்காளி ஏற்றி வந்து பிழைப்பது என்று திட்டம். திட்டம் நல்ல திட்டம்தான். தயாளன் நந்திதுர்க் மைனில் வைண்டர் டிரைவராக இருந்தவன் என்பதை மட்டும் நாங்கள் யோசிக்கவில்லை.

வைண்டர் டிரைவர் என்றால் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் என்ற கூண்டை, மேலே எஞ்சின் ரூமில் உட்கார்ந்து ஓட்டுகிறவன். கேஜ் அவன் கண்ணுக்குத் தெரியாது. அது ஷாஃப்ட் என்ற ஆழக் குழிக்குள் எங்கோ இருட்டில் போய்க்கொண்டிருக்கும். அவனுக்குத் தெரிவதெல்லாம் எதிரே டயலில் நகரும் ஒரு முள், கேட்பதெல்லாம் மணி. ஒன்று அடித்தால் நிறுத்த வேண்டும். இரண்டு அடித்தால் இறக்க வேண்டும். மூன்று அடித்தால் ஏறுவது கல் அல்ல, ஆள். பார்த்து ஓட்ட வேண்டும். சர்வீஸ் முழுவதும் ஓர் ஆளுக்குக்கூடக் காயம் படாமல், தான் ஓட்டியதை ஒரு முறைகூடப் பார்க்காமல் ஓட்டியவன் தயாளன்.

அப்படிப்பட்டவனுக்குக் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்ப்பது பெரிய தொந்தரவாக இருந்தது.

"எதிர்ல எல்லாமே தெரியுது மாமா, பயமா கீது" என்றான் முதல் நாள்.

அதற்கு அவனே ஒரு வழியும் கண்டுபிடித்தான். வண்டித் தொட்டியின் ஓரத்தில் சைக்கிள் பெல் ஒன்றை மாட்டினான். நான் பின்னால் நின்றுகொண்டு ரோட்டைப் பார்த்து மணி அடிக்க வேண்டும். ஒன்று அடித்தால் நிற்பான், இரண்டு அடித்தால் போவான். இடதுக்கு நாலு, வலதுக்கு ஐந்து என்று சேர்த்துக்கொண்டோம். அவன் ஸ்பீடோமீட்டர் முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டு நிம்மதியாக ஓட்டினான். வண்டி ஓட்டுவதற்கு எண்ணத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது என் வாழ்க்கையிலேயே அப்போதுதான். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

ஒரே ஒரு கோளாறு. நிறுத்தச் சொல்லி மணி கேட்டால் அவன் கால் பிரேக்கை மிதிக்கும், அது சரி. ஆனால் கைகள் இரண்டும் எஞ்சின் ரூம் லீவரை நினைத்துக்கொண்டு ஸ்டேரிங்கை நெஞ்சை நோக்கி இழுக்கும். ஒவ்வொரு மணிக்கும் ஒரு இழுப்பு. எந்த ஸ்டேரிங் அதைத் தாங்கும்?

சாம்பியன் ரீப்ஸ் மார்க்கெட் திருப்பத்தில் ஒரு நாள் ஐஸ்காரர் ஒருவர் எங்களைத் தாண்டிப் போகும்போது தன் மணியை ஒரு முறை அடித்தார். தயாளன் உயிரைக் கொடுத்து இழுத்தான். வண்டி நின்றது. ஸ்டேரிங் தண்டோடு பெயர்ந்து அவன் மடியில் வந்து உட்கார்ந்தது. குழாய் விரிந்து, உள்ளே இருந்த தண்டு முறுக்கிக்கொண்டிருந்தது.

"மாமா, வெளிய வந்துட்சி" என்றான்.

ஐஸ்காரர் திரும்பி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஐஸ் எத்தனை வேண்டும் என்று கேட்டார்.

ஸ்டேரிங் காலம் என்று மெக்கானிக்குகள் சொல்வது, கையால் பிடிக்கும் சக்கரத்தையும் கீழே இருக்கும் பெட்டியையும் இணைக்கிற தண்டு. இரண்டு முனையிலும் சுற்றிப் பல் வெட்டியிருக்கும். எங்கள் வண்டிக்கு முப்பத்தாறு பல். நீளம் ஒத்துப் போனாலும் பல் ஒத்துப் போகாவிட்டால் பிரயோஜனம் இல்லை. பங்காருபேட்டை வெல்டர் முறுக்கிக்கொண்ட தண்டைப் பார்த்துவிட்டு, வெல்டு வைத்தால் வண்டி ஓடும், ஆனால் எந்தப் பக்கம் ஓடும் என்று தன்னால் சொல்ல முடியாது என்று கையை விரித்துவிட்டார். அந்த மாடல் நின்றுபோய் வெகு காலம் ஆகியிருந்தது.

எனவே பழைய உதிரிபாகம் விற்கும் பெங்களூர் குஜிரிக் கடைகளுக்கு அலைய ஆரம்பித்தோம். காலை ரயிலில் தண்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போவோம். கூட்டத்தில் அதை நிமிர்த்திப் பிடித்தால் ரயிலுக்குள் இருக்கும் கம்பி என்று நினைத்து நாலு பேர் பிடித்துக்கொள்வார்கள். ஒயிட்ஃபீல்டு வரைக்கும் அவர்களைத் தாங்கிக்கொண்டு நிற்பான் தயாளன். குஜிரியில் ஜீப்பின் தண்டு நீளம் சரியாக இருந்தது, பல் நாற்பது. ஒரு டெம்போவில் முப்பத்தாறு இருந்தது, நீளம் ஒரு சாண் குறைவு. நான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எண்ணுவதைப் பார்த்த ஒரு கடைக்காரர், "இது பல் டாக்டர் கடை இல்ல சாமி" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. நான் அவர் கடையில் வாங்க வேண்டியதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பங்குனி பிறந்ததும் தயாளன் ஒரு செய்தி சொன்னான். பெங்களூரில் ஒரு அபார்ட்மென்டில் வாட்ச்மேன் வேலை. சித்திரை முதல் தேதி சேர வேண்டும். குடும்பத்தோடு போகிறான். யூனிஃபாரம் கொடுத்துவிட்டார்கள், கூடவே ஒரு விசில். அந்த நீலச் சட்டை அவன் வீட்டு ஆணியில் தொங்கியது. நான் அதைப் பார்க்கும்போதெல்லாம் வண்டியைப் பற்றிப் பேசுவேன். அவன் சட்டையைப் பார்க்காமல் பதில் சொல்வான்.

சுலோச்சனா அன்று எனக்குச் சோறு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தயாளன் வீடு மேல் லைனில், மைன் ஆட்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், மூலை வீடு. அந்த லைனில் பாதி வீடு அதற்குள் பூட்டியாகிவிட்டது.

"எண்ணறவரு தானே நீங்க. அவனும் போயிட்டா அந்த லைன்ல எத்தினி பூட்டுன்னு நீங்களே போய் எண்ணிக்கினு வாங்க" என்றாள்.

அன்று முருங்கைக்காய்த் துண்டுகளை நான் எண்ணவில்லை.

பெங்களூரெல்லாம் தேடியாகிவிட்டது, அம்மனிடம் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துக் கேட்டுப் பார்க்கலாம் என்று அவள்தான் என்னைக் கோயிலுக்கு அழைத்துப் போனாள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. பிராகாரத்தைச் சுற்றி வரும்போது பழம் என் கையிலிருந்து நழுவி உருண்டு, தேர்க் கொட்டகைக்குள் போய்விட்டது. அதை எடுக்கத் தேருக்கு அடியில் தவழ்ந்து போனேன்.

எங்கள் தேரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பெரிய ஊர்த் தேர்களை முட்டுக்கட்டை போட்டுத் திருப்புவார்கள். எங்கள் லைன்களில் அது நடக்காது. தெரு குறுகல், மூலைக்கு மூலை திருப்பம். அதனால் அந்தக் காலத்து ஒர்க்‌ஷாப் ஆட்கள், இனி ஓடாது என்று கண்டம் செய்த ஒரு மைன் வண்டியின் முன் அச்சையும் ஸ்டேரிங்கையும் எடுத்துத் தேருக்கு அடியில் வைத்துவிட்டார்கள். அம்மன் பீடத்துக்குக் கீழே பெட்டி போல ஒரு அறை. அதில் ஒருவர் உட்கார்ந்து திருப்புவார், வெளியே ஊர் இழுக்கும். இது எங்கள் எல்லோருக்கும் சின்ன வயதிலிருந்தே தெரியும். எனக்கும் தெரியும், தயாளனுக்கும் தெரியும். ஆனால் அது தேர். தேரைப் போய் உதிரிபாகம் என்று யார் நினைப்பார்கள்?

மல்லாந்து படுத்து, தண்டு பெட்டியோடு சேரும் இடத்தை விரலால் தடவி எண்ணினேன். நீளத்தைச் சாணால் அளந்தேன், அதுவும் சரி. நம்பாமல் பல்லைத் திரும்பவும் எண்ணினேன். நான் வெளியே வராததைப் பார்த்துச் சுலோச்சனா பயந்துவிட்டாள்.

"இன்னாங்க, பழம் கெடைக்கலியா?"

"முப்பத்தாறு" என்றேன்.

"ஒண்ணுதானே கொண்டாந்தேன்" என்றாள்.

தர்மகர்த்தா முனிரத்தினம் மைனில் ஷிப்ட் பாஸாக இருந்தவர். அண்டர்கிரவுண்டில் எதிரொலி கேட்கப் பேசிப் பழகிய குரல். நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நகையைக் கேட்டா திருட்டுன்னுடலாம். ஸ்டேரிங்க கேட்டா அது இன்னா ஸ்டோர்காரரே?" என்றார்.

ஸ்டோரில் கணக்கு எழுதிச் சாமான் கொடுப்பது போல இஷ்யூ என்று சொன்னேன், திரும்பி வரும் இஷ்யூ. ஆடியில் திருவிழா, அதற்கு முன்னால் கழற்றிக் கொண்டுவந்து மாட்டிவிடுவோம். மற்ற மாதமெல்லாம் அது கொட்டகையில் சும்மாதானே இருக்கிறது? அவர் மசியவில்லை. சுலோச்சனா தன் தம்பி ஊரைவிட்டுப் போவதைச் சொன்னாள். அப்போதுதான் அவர் தேர்க் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். போன ஆடியில் தேர் இழுக்கவே ஆள் போதவில்லை, கல்யாணத்துக்கு வந்த வெளியூர் மாப்பிள்ளைகளை எல்லாம் கயிற்றைப் பிடிக்க வைத்தது அவர்தான்.

"நான் சொல்ல முடியாது. பூ கேட்டுடலாம்" என்றார்.

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் அம்மன் சம்மதம். பூசாரி கண்ணை மூடி எடுத்தார். ஸ்டேரிங்கைக் கொடுக்கலாமா? சிவப்பு வந்தது. சுலோச்சனா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். முனிரத்தினம் அம்மன் பக்கம் திரும்பி, ஷிப்ட் ரிப்போர்ட் கொடுப்பது போலச் சொன்னார்: "கேட்டது தப்பும்மா. குடுக்கறது இல்ல, இரவல். ஆடிக்கு வந்துடும். ஆளையும் கூடவே குடுக்கறாங்க."

வெள்ளை வந்தது.

ஆளையும் என்பது எங்களுக்கே புதுச் செய்தி. தேர் ஓட்டும் வேலை இனித் தயாளனுடையது என்று அவர் அந்த நிமிடம் முடிவு செய்திருக்கிறார். இன்னொரு நிபந்தனையும் போட்டார். அம்மன் ஸ்டேரிங் ஆனதால் வண்டியில் கோழி, கருவாடு ஏற்றக் கூடாது. நீலச் சட்டை விசிலோடு பெங்களூருக்குத் திரும்பிப் போனது.

பிறகு நடந்ததை நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி. ஸ்டேரிங்கில் அப்பியிருந்த குங்குமம் எத்தனை துடைத்தும் போகவில்லை. தக்காளி ஏற்றிக்கொண்டு நாங்கள் போகும்போது சில பெண்கள் நின்று வண்டியைக் கும்பிட்டார்கள். ஒருவர் முன் சக்கரத்தில் தேங்காய் உடைத்துவிட்டு, பஞ்சராகிவிட்டதா என்று அவரே குனிந்து பார்த்தார்.

ஆடி வந்ததும் வண்டியிலிருந்து கழற்றித் தேரில் மாட்டினோம். தயாளன் பீடத்துக்கு அடியில் போய் உட்கார்ந்தான். கும்மிருட்டு. நான் சைக்கிள் பெல்லைக் கழற்றிக்கொண்டு தேருக்கு முன்னால் நின்றேன். குனிந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"ஒண்ணுமே தெரியல மாமா. இப்பதான் நிம்மதியா கீது" என்றான் உள்ளேயிருந்து.

அம்மனைப் பீடத்தில் ஏற்றும்போது மூன்று மணி அடித்தேன். இரண்டு அடித்ததும் கயிறு இறுகியது. அதற்கு முந்தைய வருடங்களில் ரேஷன் கடைத் தூணை இடிக்காமல் தேர் திரும்பியது கிடையாது. அன்று ஒரு சுவரைக்கூடத் தொடவில்லை. நடுவில் பூசாரி பழக்கதோஷத்தில் தீபாராதனை மணியை அடித்துவிட்டார், தேர் நட்டநடுத் தெருவில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு பூசாரியும் கணக்குப் படித்துக்கொண்டார். ஒவ்வொரு ஆடியிலும் மேல் லைன் மூலையில், தயாளன் வீட்டெதிரே, நான் ஒரு மணி அடிப்பேன். தேர் நிற்கும். அவன் மனைவி தேங்காய்த் தட்டைக் கொடுப்பாள். உள்ளே இருக்கும் அவனுக்கு ஒரு டம்ளர் மோரும் போகும்.

இப்படிப் பல வருடம் ஸ்டேரிங் கோயிலுக்கும் வண்டிக்குமாகப் போய்வந்தது. தயாளன் ஊரைவிட்டுப் போகவில்லை. ஒரு வருடம் திருவிழா முடிந்த வாரம், தூக்கத்தில் போனான். ஸ்டேரிங் தேரில் இருந்தது. காரியம் முடிந்ததும் முனிரத்தினம் வந்து, எடுத்துக்கொண்டு போகிறீர்களா என்று மெதுவாகக் கேட்டார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. இருக்கட்டும் என்றேன். மணிக்கு ஓட்டுகிறவன் போன பிறகு எனக்கு எதற்கு?

காப்பிக் கடைக்காரர் அடுத்த வாரமே போன் செய்தார். ஆன்லைனில் தேடினாராம், பொருத்தமான ஸ்டேரிங் வீட்டு வாசலுக்கே வருமாம். பல் எத்தனை என்று கேட்டேன். கடை வாசலில் நிற்கிற வண்டிக்கு எதற்கு அங்கிள் பல் என்றார். அதுவும் நியாயம்தான். வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன். பெல்லை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன். வேப்ப மரத்தடியில் புல் முளைக்காத நீள்சதுரம் ஒன்று மிச்சம். சுலோச்சனா அதில் மிளகாய் காயப் போடுகிறாள்.

இந்த ஆடியிலும் தேர் ஓடியது. முன்னால் ஒருவர் செல்போனில் சொல்கிறார், உள்ளே இருப்பவர் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு திருப்புகிறார். மேல் லைன் இப்போது இல்லை. பூட்டிய வீடுகளின் ஓடுகளையும் கதவுகளையும் யாரோ எடுத்துப் போய், சுவர் விழுந்து, சீமைக் கருவேலம் மூடி, அதையும் மிஷின் வைத்து வழித்துவிட்டார்கள். வெறும் பொட்டல். தேர் நேராகவே போகலாம், இடிக்க ஒரு சுவர் கிடையாது. ஆனாலும் அந்த இடம் வந்ததும், இல்லாத மூலையைச் சுற்றி, இல்லாத சுவரை ஒதுக்கி, தேரைத் திருப்பினார்கள்.

நான் சட்டைப் பையிலிருந்து பெல்லை எடுத்து ஒரு மணி அடித்தேன்.

பக்கத்தில் இருந்தவர்கள் சாமிக்கு அடிக்கிற மணி என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தேர் நிற்கவில்லை.