ஆண்டாயி கொடுத்த அடுப்பு

கல்யாணமாகி வந்து நாலு வருஷம் வரைக்கும் அம்சவள்ளி புகுந்த வீட்டில் ஓர் உலைகூட வைத்ததில்லை. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். செந்துறைப் பக்கத்து ஊர்களில் மருமகள் வாசல் மிதித்த அன்றைக்கே மாமியார் கரண்டியைக் கொடுத்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவாள். ஆண்டாயி வேறு ரகம். கொல்லையில் கடலை பறிக்க, களை வெட்ட, ஆடு ஓட்ட மருமகள் வேண்டும். அடுப்படிக்கு மட்டும் அவள் ஒருத்திதான்.

வந்த புதிதில் ஒரு நாள் அம்சவள்ளி ஆசைப்பட்டுக் கேழ்வரகுக் களி கிண்டினாள். அது கட்டி கட்டியாக நின்றது. ஆண்டாயி எட்டிப் பார்த்தாள். திட்டவில்லை. துடுப்பைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, “நீ போயி ஆட்டப் பாரு புள்ள” என்றாள். அத்தோடு சரி.

ராசாங்கத்துக்கு அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் வாயைத் திறக்க மனமில்லை. அம்மா வைக்கிற கருவாட்டுக் குழம்புக்கு அவன் அடிமை. மொச்சை போட்டு, கத்திரிக்காய் போட்டு, கொதி அடங்கி இறக்கியதும் நாலு சின்ன வெங்காயத்தைத் தட்டிப் பச்சையாகவே மேலே போட்டுச் சட்டியை மூடிவைப்பாள் ஆண்டாயி. சோறு போட்ட பிறகுதான் மூடியைத் திறப்பாள். அந்த வாசனையை நினைத்து ராசாங்கம் தெருமுனையிலிருந்தே நடையை எட்டிப் போடுவான்.

எழுபத்தாறாம் வருஷம் கோடையில், கிணறு ஆழப்படுத்தப் போன இடத்தில் மண் சரிந்து ராசாங்கம் போய்விட்டான். மகள் சிந்தாமணிக்கு அப்போது இரண்டு வயதுகூட நிறையவில்லை. ஆண்டாயிக்கு ஒரே பிள்ளை அவன். அதன் பிறகும் பல நாள் அவள் மூன்று வட்டிலில் சோறு போட்டாள். மூன்றாவது வட்டிலைப் பார்த்துக்கொண்டே இரண்டு பெண்களும் சாப்பிடுவார்கள். சில நாள் சாப்பிடமாட்டார்கள்.

வருஷ திவசம் கழித்து ஒரு காலையில் ஆண்டாயி கூப்பிட்டாள். “ஏ புள்ள அம்சா, இங்க வா. இன்னிக்கு நீ ஒலை வையி.”

அம்சவள்ளி கைவேலையை அப்படியே போட்டுவிட்டு வந்தாள். புருஷன் போனவளை இந்த வீடு வைத்துக்கொள்ளுமா, தள்ளிவிடுமா என்று ஒரு வருஷமாக உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தாள். அடுப்பையே கொடுக்கிறாள் என்றால் வீட்டையே கொடுக்கிறாள் என்றுதானே அர்த்தம்? மகளை வளர்த்துக்கொண்டு, இந்தக் கிழவியைப் பார்த்துக்கொண்டு, இங்கேயே காலத்தைக் கழித்துவிடலாம். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஆண்டாயி லேசில் விடவில்லை. களிக்கு மாவை எப்போது கொட்டுவது, துடுப்பை எந்தப் பக்கம் அழுத்துவது, வரகுச் சோற்றை எப்போது தணலில் தள்ளி மூடுவது என்று ஒவ்வொன்றுக்கும் திட்டு விழுந்தது. “கண்ண எங்க வச்சிருக்க? சட்டியப் பாருடி!” அம்சவள்ளி அந்தத் திட்டையெல்லாம் சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள். கருவாட்டுக் குழம்பு கைக்குப் பிடிபட்ட அன்று ஆண்டாயி ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு வெளியே போய் வெகுநேரம் திரும்பவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது.

அதோடு நின்றிருந்தால் அம்சவள்ளிக்குச் சந்தேகமே வந்திருக்காது. கொள்ளிடக்கரையிலிருந்து கூடை தூக்கி வரும் மீன்காரியை ஆண்டாயி ஒரு நாள் பிடித்து உட்காரவைத்தாள். கெண்டையை எப்படி உரசுவது, கெளுத்தியின் முள்ளை எப்படி ஒடிப்பது, ஆற்றங்கரைப் பெண்கள் புளியை எவ்வளவு கரைப்பார்கள் என்று துருவித் துருவிக் கேட்டாள். கடலையைக் கொடுத்து நெல்லரிசி மாற்றிவந்து கஞ்சி வடிக்கப் பழக்கினாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் நெல்லுச்சோறு பார்க்கும் வீடு அது; அதையும் வடிக்காமல் பொங்கித்தான் இறக்குவார்கள். வடிக்கிற வித்தை சொல்லிக்கொடுக்கிறவளுக்கும் தெரியாது, கற்றுக்கொள்கிறவளுக்கும் தெரியாது. பாதிச் சோறு கஞ்சியோடு சாணத் தரையில் போய், இருவரும் கையைச் சுட்டுக்கொண்டு, ராசாங்கம் போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தார்கள்.

“நம்ம வூட்ல யாரு அத்த ஆத்து மீன் திங்கிறா?”

“கத்துக்கன்னா கத்துக்க.”

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, அம்சவள்ளியின் அண்ணன் குழந்தைவேல் பஸ்ஸில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினான். கொள்ளிடக்கரை ஏலாக்குறிச்சிப் பக்கத்து முத்துசாமி, அவனுடைய அக்கா. முத்துசாமி பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், இரண்டு பிள்ளைகள். இதெல்லாம் அம்சவள்ளிக்குப் பிறகுதான் தெரியும். அண்ணன் யாரையோ அழைத்து வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு, ஆண்டாயி சொன்னபடி மீன் குழம்பு வைத்தாள், சோறு வடித்தாள், பரிமாறினாள். முத்துசாமி தலை நிமிராமல் சாப்பிட்டான். அந்த அக்காதான் விரலை வழித்துக்கொண்டே சொன்னாள்: “எங்கூரு பொம்பள ஆக்குன மாதிரியே இருக்கு. வந்த மறுநாளே அடுப்பப் பாத்துக்குவா.”

அம்சவள்ளி கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தாள்.

வந்தவர்கள் போனதும் கேட்டாள். “என்னை வெளிய தள்ளத்தான் கத்துக் குடுத்தீங்களா அத்த?”

“ஆமா” என்றாள் ஆண்டாயி. “நான் இருவது வயசுல தாலி அறுத்தவ. அறுத்துக் கட்டுற வழக்கம் நம்ம சனத்துல உண்டு. ஆனா எனக்குன்னு பேச ஆளில்ல. இந்த அடுப்பக் கட்டிக்கிட்டே கெழவியாயிட்டேன். ஒனக்கு இருவத்திமூணு. நீ இருந்து இந்தப் பாட்டப் படவேணாம். போற எடத்துல ஆக்கத் தெரியாதவன்னு ஒருத்தி ஒன்ன ஒரு சொல்லு சொல்லிரக் கூடாது. அதுக்குத்தான்.”

“சிந்தா?”

ஆண்டாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “புள்ள அப்பன் வூட்லதான இருக்கும். அதான வழக்கம்.”

வழக்கம்! தாயை அனுப்பவும் வழக்கம், பிள்ளையை நிறுத்திக்கொள்ளவும் வழக்கம். பெற்றவளைக் கேட்டு வைத்த வழக்கமா இது? அம்சவள்ளி அழுதாள், சண்டை போட்டாள், பட்டினி கிடந்தாள். அண்ணன் கெஞ்சினான், ஊர்ப் பெரியவர்கள் நியாயம் பேசினார்கள். எதற்கும் அவள் மசியவில்லை. கடைசியில் ஆண்டாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “அதயும் தூக்கிட்டுப் போயிட்டீன்னா நான் யாருக்குடி ஆக்குவேன்?” என்று கேட்டபோதுதான் அம்சவள்ளி சம்மதித்தாள். மூன்றாவது வட்டிலில் சோறு போட்ட கையைப் பார்த்தவள் அவள்.

புறப்பட்ட அன்று சிந்தாமணி ஆண்டாயியின் இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவேண்டாம் என்று ஆண்டாயி சைகை காட்டினாள். அம்சவள்ளி குழந்தையின் பாதத்தை மட்டும் தொட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

முத்துசாமி நல்ல மனிதன். அதில் அவளுக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளைகள் இரண்டும் மறு வாரமே “அம்மா” என்று காலைக் கட்டிக்கொண்டன. அவள் பெற்றதுதான் அவளை அப்படிக் கூப்பிடவில்லை. பொங்கலுக்கும் ஆடிக்கும் வந்து போகிற அவளைச் சிந்தாமணி “ஏலாக்குறிச்சி அத்த” என்றது. ஆண்டாயிதான் அதற்கு அம்மா. “அடி கூறுகெட்டவளே, இவதான்டி ஒன் ஆத்தா” என்று ஆண்டாயி தலையில் தட்டிப் பார்த்தாள். குழந்தை சிரித்துக்கொண்டு ஓடியது. வளர்ந்த பிறகும் கூப்பிடுவது மாறவில்லை. வந்த இடத்தில் அம்சவள்ளி அடுப்புப் பக்கம் போக முடியாது. விருந்தாளியை யார் அடுப்படிக்குள் விடுவார்கள்?

எண்பத்தேழில் ஆண்டாயி படுத்தாள், பத்து நாளில் போய்ச் சேர்ந்தாள். சிந்தாமணிக்குப் பதின்மூன்று வயது. கருமாதி முடிந்து உறவெல்லாம் கலைந்துவிட்டது. “புள்ளைய நம்ம வூட்டுக்கே கூட்டியாந்துரு” என்று முத்துசாமி சொல்லிவிட்டுப் போயிருந்தான். இத்தனை வருஷம் அம்சவள்ளி வேண்டாத சாமியில்லை இதற்காக. பிள்ளையோ தூணைக் கட்டிக்கொண்டு, “எங்கம்மா வூட்ட வுட்டு வரமாட்டேன்” என்றது. முந்தின நாளிலிருந்து ஒரு வாய் சாப்பிடவும் இல்லை.

அம்சவள்ளி அடுப்படிக்குள் போனாள். அதே அடுப்பு, அதே சட்டி. உறியில் கருவாடு இருந்தது, டப்பாவில் மொச்சை இருந்தது. குழம்பை இறக்கி, நாலு சின்ன வெங்காயத்தைத் தட்டிப் போட்டு மூடினாள். வரகுச் சோற்றை வட்டிலில் போட்டுவந்து பிள்ளைக்கு முன்னால் வைத்துவிட்டு மூடியைத் திறந்தாள்.

சிந்தாமணி நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வாய் எடுத்து வைத்தாள். அப்புறம் சோற்றுக் கையோடு முகத்தை மூடிக்கொண்டு கதறிவிட்டாள்.

“எங்கம்மா கொழம்பு அத்த! எங்கம்மா வச்ச மாதிரியே இருக்கு. ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?”

அம்சவள்ளிக்கு வாய்வரை வந்தது. பத்து மாதம் சுமந்த கதையிலிருந்து, தொட்டுவிட்டுப் போன பாதம் வரைக்கும் எல்லாம் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

“ஒங்கம்மாதான் கத்துக் குடுத்தாங்க.”

பிள்ளை இன்னொரு வாய் சாப்பிட்டது. மூக்கை உறிஞ்சியது. “ஒங்க வூட்லயும் இப்புடி ஆக்குவீங்களா?”

“ஆக்குறேன் சாமி.”

“அப்ப வரேன் அத்த.”

அம்சவள்ளி தலையை ஆட்டிவிட்டு, இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.