மூக்கம்மாள் நெய்யில் கலந்தது

புருஷன் போன பிறகு ஒற்றைப் பசுவை வைத்து இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவள் குரங்கணி மூக்கம்மாள். அவள் நெய்யைப் போடியில் ஒரு மிட்டாய்க் கடை வாங்கிவந்தது. கடைக்குப் புதிதாக வந்த முதலாளி அதைச் சோதனைக்கு அனுப்பினார். ஆய்வகத்தில் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சிப் பார்த்து, வேறு கொழுப்பு கலந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

“எம் மாட்ட வந்து பாருங்கய்யா!” என்று கடை வாசலில் கத்தினாள். யாரும் வரவில்லை. மாட்டுக்கு என்ன தீனி போடுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்க வாய் வலிக்கவா போகிறது? தினமும் பருத்திக்கொட்டையை ஆட்டி ஊற்றுகிறாள். அது அளவு மீறினால் பாலின் கொழுப்பே மாறிப்போகும். கருவி அதைக் கலப்படம் என்று எடுத்துக்கொண்டது.

“இன்னொருக்கா பாருங்க மொதலாளி, நல்ல நெய்யாக் கொண்டாறேன்” என்று கெஞ்சினாள். அவர் சரியென்றார்.

நல்ல நெய்க்கு அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வீட்டுக்கு வந்து, வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு பருத்திக்கொட்டையை ஆட்டித் தொட்டியில் ஊற்றினாள்.

“குடி ஆத்தா, நீதான் எம் மானத்தக் காப்பாத்தணும்.”

பசு ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தது.