வீரய்யாவின் வட்டிலப்ப அணு

கண்டியில் ஒரு தமிழ்ப் பாடசாலையின் ஆய்வுகூட உதவியாளர் கே. வீரய்யா, குப்பி கழுவுவதற்காக நியமிக்கப்பட்டவர். பதினேழு வருடம் குப்பி கழுவியபடியே பாடம் கேட்டதில், அணுவின் உள்விவகாரமெல்லாம் அவருக்கு வத்தேகமச் சந்தையைப் போல அத்துப்படி. விஞ்ஞான வரலாற்றில் அவர் பெயர் இல்லாதது வரலாற்றின் கவலையீனம்.

1998இல் விஞ்ஞானக் கண்காட்சி ஒன்றுக்கு அந்தப் பாடசாலை முதன்முறையாகத் தெரிவானது. அணுக் கொள்கை வளர்ந்த கதையை வீரய்யா நான்கு உருவங்களில் செய்தார். உடைக்க முடியாத குண்டு என்ற டோல்டனுக்கு ஒரு கண்ணாடி மாபிள். புடிங்குக்குள் பழம்போல இலத்திரன்கள் பதிந்திருக்கின்றன என்ற தொம்சனுக்கு, கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் முட்டையும் கலந்து அவித்து, கஜு என்கிற முந்திரிப்பருப்பைப் பதித்த வட்டிலப்பம். நடுவில் சின்னக் கரு, மற்றதெல்லாம் வெற்றிடம் என்ற ரதபோட்டுக்கு, சைக்கிள் வளையத்தின் மத்தியில் கம்பியில் தொங்கும் ஒரு மிளகு. இலத்திரனுக்குப் பாதை போட்டுக் கொடுத்த நீல்ஸ் போருக்கு, ஒன்றுக்குள் ஒன்றாக வளையல்கள். அடியில் ஓர் அட்டை: 'ஆக்கம்: கே. வீரய்யா'. அதுவரை அவர் பெயர் எழுதப்பட்டது வரவு இடாப்பில் மட்டும்தான்.

கண்காட்சியன்று காலை, அக்குறணையிலிருந்து, சக ஆசிரியை பஸீஹா டீச்சர் செய்து கொடுத்த வட்டிலப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு, விஞ்ஞான ஆசிரியர் பாலேந்திரனோடு திரீவீலரில் புறப்பட்டார். கண்காட்சி நடக்கும் கண்டி நகருக்குள் நுழையுமுன், யுத்த காலத்துச் சோதனைச் சாவடியில் ஆமி மறித்தது. பெட்டிக்குள் வளையமும் கம்பியும். பாலேந்திரன் மாஸ்டரின் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம்.

"நான் வாய் திறந்தா அலுவல் கெட்டுப்போகும். நீர் கதையும்," என்று மாஸ்டர் கிசுகிசுத்தார்.

"நீங்க சும்மா இருங்க சேர்."

வீரய்யா சிங்களத்தில் பாடத்தை ஆரம்பித்தார். மாபிளில் தொடங்கித் தங்கத் தகடு வரை வந்துவிட்டார். அந்த இடம் தமிழில் இப்படி வரும்:

"தகட்டுல துணிக்கைய சுட்டுப் பார்த்தாங்க மாத்தயா. அநேகமா எல்லாம் நேரா போயிருச்சு. ஒண்ணு ரெண்டுதான் திரும்பி வந்துச்சு. அப்பதான் தெரிஞ்சது, எந்தப் பொருளும் முக்காவாசிக்கு மேல வெறும் எடம்னு."

"எந்தப் பொருளுமா?" என்று ஆமிக்காரர்களின் சார்ஜன் கேட்டார்.

"ஒங்க துவக்கும்தான் மாத்தயா."

சார்ஜன் தன் துப்பாக்கியைக் கையில் தூக்கிப் பார்த்தார். தேசியப் பாதுகாப்புக்கு அது நெருக்கடியான கணம். பிறகு வட்டிலப்பத்தைக் காட்டி, சோதனைச் சாவடியின் வழமையான கட்டளையைப் பிறப்பித்தார்: கொண்டுவந்தவன் முதலில் தின்று காட்ட வேண்டும்.

வீரய்யா தின்றார். சாகவில்லை. ஆகவே நான்கு ஆமிக்காரர்களும் சூழ்ந்துகொண்டார்கள். தொம்சன் கண்முன்னே அழிந்துகொண்டிருந்தார். தடுக்க முடியாது, ஆனால் விரல் சும்மா இருக்கவில்லை. ஐந்து கஜுவைத் தோண்டியெடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கண்காட்சியில் நடுவராக வந்த பேராசிரியர் வட்டிலப்பம் இருந்த அந்த வெறும் கோப்பைக்கு முன்னால் நின்றார். உள்ளே ஐந்து கஜு மட்டும்.

"தொம்சன்ர அணு எங்க?"

"புடிங் போயிருச்சுங்க சேர். இலத்திரன் மட்டும் மிஞ்சியிருக்கு. விஞ்ஞான வரலாத்துல நெசமா நடந்ததும் அதுதானுங்களே?"

பேராசிரியர் கோப்பையை இன்னொரு தரம் பார்த்தார். அட்டையை வாசித்தார்.

"ஆர் இந்த வீரய்யா?"

"நாந்தாங்க."

பேராசிரியர் கையை நீட்டினார். வீரய்யா தன் கையைச் சட்டையில் துடைத்தார். சட்டையில்தான் கருப்பட்டி அதிகம். குலுக்கிய கைகள் சிறிது நேரம் பிரிய மறுத்தன.